கழித்தல்

பேர்ன் நகரில் நவம்பர் என்றால் மூடுபனி.
பதினேழு நாளாய்ச் சூரியன் இல்லை.
ஒன்பதாம் எண் டிராம்
தன் மணியோசைக்குப் பின்னால்தான் தெரிகிறது.
மூன்றாம் மாடியில், பின்னிரவில்,
வேறொரு கோளின் உச்சிவெயிலைத்
திரையில் விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை கழித்தல்.
கேமரா கண்டதிலிருந்து
கேமராவைக் கழிப்பது.
முதலில் இருட்டு:
மூடி திறக்காதபோதும் சென்சார்
தனக்குள் முணுமுணுக்கும் இருட்டு.
பிறகு ஓரங்களின் மங்கல்.
கடைசியாக அந்த வளையம்.
(கணக்கில் அது வகுத்தல்.
பேச்சில் எல்லாமே எங்களுக்குக் கழித்தல்தான்.)

வரிசை முந்நூற்றாறு, பத்தி எண்ணூற்றுப் பதினொன்று.
பாறையோ மணற்சரிவோ வெறும் வானமோ,
எந்தப் படத்திலும் அதே இடத்தில்
நடுவே ஓட்டை விழுந்த சின்ன நிழல்.
சென்சாரின் மூடுகண்ணாடியில்
டிக்கெட் இல்லாமல் ஏறிப்போன
பூமித் தூசு.

யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.
தூய்மை அறையில் அதைக் கோத்தவள் ரெகுலா ஏபிஷர்.
தலைமூடி, முகமூடி, இரட்டைக் கையுறை,
கண் மட்டும் வெளியே.
ஒரேயொரு முறை அரித்தது.
மணிக்கட்டால் தேய்த்தாள்.
பதிவேட்டில் அவளே எழுதினாள்:
"பிற்பகல் இரண்டு இருபது. வலப் புருவம்."
பிரித்துத் துடைக்க நாள் இல்லை.
கோள்கள் மறுபடி நெருங்க இரண்டு வருஷம் ஆகும்.
துடைத்தால் இன்னொன்று ஒட்டும் என்றான் உர்சின்.
கையெழுத்திட்டு மூடினார்கள்.

பொட்டு வைப்பது முகத்துக்கு.
இது கண்ணுக்கே வைத்த பொட்டு.

இப்போது அவள் புர்க்டோர்ஃபில்
காதுகேட்கும் கருவிகள் கோக்கிறாள்.
கோடையில் ஆரே ஆற்றில் பார்த்தேன்.
உடுப்பைப் பையில் அடைத்து
பாதி ஊர் நீரோடு போகும் மாலை.
பச்சைத் தண்ணீரில் தலை மட்டும் மிதக்க
"என் புருவம் சௌக்கியமா?" என்றாள்.
நேற்று ஒரு பள்ளத்தாக்கின் மேல் நின்றது என்றேன்.
சிரித்து வாயில் தண்ணீர் போய்
இருமிக்கொண்டே கம்பியைப் பிடித்துக் கரையேறினாள்.
நான் பிடிக்கத் தவறி
அடுத்த கம்பிவரை அடித்துச் செல்லப்பட்டேன்.

சனிக்கிழமை துளைப்பான் கல்லில் இறங்கியது.
ஒன்றரை மணி நேர அதிர்வு.
அடுத்து வந்த படத்தில், குன்றுக்கு மேலே,
ஒளிவளையம்.
வெள்ளையாய், கச்சிதமாய்.

உர்சின் பைஜாமாவின் மேல் கோட்டோடு ஓடிவந்தான்.
பனிப்படிகமா, மேகமா,
சூரியனைச் சுற்றிய வட்டமா
(சூரியன் இருந்ததோ முதுகுப்பக்கம்)
என்று பன்னிரண்டு பேர் எழுதிக் கேட்டார்கள்.
விடிவதற்குள் ஒரு பத்திரிகையும் கூப்பிட்டது.

நான் கழிக்காத படத்தைத் திறந்தேன்.
முந்நூற்றாறு, எண்ணூற்றுப் பதினொன்று.
எதுவுமில்லை. துரு வெளுத்த வானம்.
அதிர்ச்சியில் தூசு உதிர்ந்திருக்கிறது.
இல்லாத நிழலை நான் கழித்தேன்.
கழித்தது ஒளிர்ந்தது.

எங்கே போயிற்று என்று நான்கு மணி நேரம் தேடினேன்.
படத்தின் நான்கு மூலையிலும் இல்லை.
ரெகுலாவுக்கு இரண்டு வரி எழுதினேன்.
பதில் உடனே வந்தது, அவளும் தூங்கவில்லைபோல:
"உள்ளேதான் கிடக்கும். அங்கிருந்து எங்கே போகும்?"

அட்டவணையில் அந்தக் கட்டங்களைத் திருத்த வேண்டும்.
ஒன்று என்று எழுத வேண்டும்.
ஒன்றால் வகுத்தால் உள்ளது உள்ளபடி.
எழுதினேன்.
எழுதுவதற்கு முன், எதற்கென்று தெரியாமல்,
பழைய அட்டவணையை வைத்தே
சக்கரத் தடம் பதிந்த மணலொன்றைக் கழித்து
வளையத்தோடு அவளுக்கு அனுப்பினேன்.

காலை டிராமில் ஈரக் கோட்டுகளின் வாடை.
எதிர் இருக்கையில் பள்ளிக்கூடப் பையன்
தூக்கம் கலையாமல் கண்ணைக் கசக்கினான்.
அவன் விரலிலிருந்து எதுவோ
விளக்கொளியில் ஒரு கணம் மின்னி
யார்மேலோ போய் உட்கார்ந்தது.